அரசு ஆரம்ப சுகாதார நிலையம் முதல் பச்சிளங்குழந்தை வார்டு வரை: என் பேத்தி பிறந்த அனுபவம்

மகள் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், எந்த ஆஸ்பத்திரி? சம்பந்தியம்மா டவுனில் ஒரு நர்சிங் ஹோம் பெயரைச் சொன்னார், மாப்பிள்ளைக்கும் அதில்தான் விருப்பம். நான் அரசு ஆஸ்பத்திரிதான் என்று பிடிவாதமாக நின்றேன். குழந்தை குறைமாதத்தில் பிறந்தது, பதினாறு நாள் வார்டில் இருந்தது, இப்போது நன்றாக இருக்கிறாள். தெருவில் மாசமாக இருக்கும் பெண்கள் வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. நல்லது, கெட்டது இரண்டையும் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவு, மாதப் பரிசோதனை, வீட்டுக்கு வந்து பார்ப்பது, தடுப்பூசி, இதிலெல்லாம் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. குழந்தை வார்டில் செய்த சிகிச்சை மிக நல்லது. ராத்திரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபோது வாசலில் நடந்ததும், தாய்மார்களைத் தங்கவைத்த இடமும் மோசம்.

பதிவிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் ஊருக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் வருகிறார், ஊரில் எல்லாருக்கும் அவர் நர்சம்மா. நாங்கள் அவரைத் தேடிப் போகவில்லை, நாள் தள்ளிப்போன விஷயம் அக்கம்பக்கத்தில் தெரிந்து அவரே வந்துவிட்டார். ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் வாங்கிக்கொண்டு பதிவு செய்தார், பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு பிக்மி எண் வந்தது. இந்த எண்ணை யாரும் அலட்சியமாக விட்டுவிடாதீர்கள், தனியாரில் பிரசவம் பார்த்தாலும் பிறப்புச் சான்றிதழ் வாங்க இது வேண்டும். அப்புறம் செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் நிலையத்தில் கர்ப்பிணிகள் நாள். எடை, ரத்த அழுத்தம், ரத்தத்தில் இரும்புச் சத்து, சிறுநீர். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க குளுக்கோஸ் தண்ணீரைக் கொடுத்துக் குடிக்கச் சொல்லி இரண்டு மணி நேரம் உட்காரவைத்து ரத்தம் எடுத்தார்கள். அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாக் கர்ப்பிணிக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. கூட்டம் அதிகம், காலையில் ஒன்பது மணிக்குப் போனால் ஒரு மணிக்குத்தான் வீடு திரும்ப முடியும், உட்கார நாற்காலி பத்தாது. வீட்டிலிருந்து சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோங்கள்.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். என் அம்மாச்சி பெற்றது ஒன்பது, தங்கியது ஐந்து. அந்தக் காலத்துக் கிழவிகளிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் இப்படித்தான் இரண்டு கணக்காகச் சொல்வார்கள். அம்மாவுக்கு நான்கு, தங்கியது மூன்று. அம்மாவின் இரண்டாவது பிள்ளை 1973ல் வீட்டில் பிறந்தது. மருத்துவச்சி அரிவாளை வைத்துக் கொடியை அறுத்து, தொப்புளில் சாம்பல் வைத்தாராம். எட்டாம் நாள் பிள்ளை பால் குடிக்கவில்லை, வாய் திறக்கவில்லை, உடம்பு வில்லாக வளைந்தது. இரணஜன்னி, டெட்டனஸ் என்கிறார்களே அதுதான். அம்மா எங்களிடம் அந்த எட்டு நாளைப் பற்றிப் பேசியதே இல்லை, கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார். அதனால்தான் அதற்குப் பிறகு பிறந்த என் அண்ணனை முறத்தில் போட்டுக் குப்பை மேட்டில் வைத்து, பக்கத்து வீட்டு அத்தையை எடுக்கச் சொல்லி, அவரிடம் தவிடு கொடுத்து வாங்கி, குப்புசாமி என்று பெயர் வைத்தார்கள். உங்கள் ஊரிலும் ஐம்பது வயதுக்கு மேல் குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை, பிச்சையம்மாள் என்று யாராவது இருப்பார்கள். அவர்கள் வீட்டில் முன்னால் பிறந்த பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள். எமன் கண்ணில் படாமல் இருக்க வைத்த பெயர் அது. இப்போது எங்கள் ஊர் அங்கன்வாடியில் அந்தப் பெயரில் ஒரு குழந்தைகூட இல்லை.

எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல இது. நாடு முழுவதும் அப்படித்தான் இருந்தது. உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது முடிவதற்குள் எத்தனை இறந்தன என்பதைத்தான் சிசு மரண விகிதம் என்கிறார்கள். இந்தியாவில் 1971ல் அது 129. 1981ல் 110, 1991ல் 80, 2011ல் 44. 2023ல் 25. தமிழ்நாட்டில் 1971ல் 113 இருந்தது, 1991ல் 57 ஆகி, 2020ல் 13க்கு வந்துவிட்டது. அதே 2020ல் கேரளாவில் 6, மத்தியப் பிரதேசத்தில் 43. ஒரே நாடு, ஒரே ஆண்டு, பிறந்த இடத்தைப் பொறுத்து ஏழு மடங்கு வித்தியாசம். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்துப்போனது.

இந்த எண்ணை எப்படி எடுக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது, பஞ்சாயத்து ஆபீசில் பதியாமல் போன சாவு எத்தனையோ இருக்குமே என்று. பதிவேட்டை மட்டும் நம்பி எடுப்பதில்லையாம். மாதிரிப் பதிவுத் திட்டம் என்று ஒன்றை இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் 1970 வாக்கிலிருந்து நாடு முழுக்க நடத்துகிறது. நாடெங்கும் சில ஊர்களையும் தெருக்களையும் மாதிரியாகத் தேர்ந்தெடுத்து, அந்த ஊரிலேயே இருக்கும் ஒருவர் பிறப்பையும் இறப்பையும் அவ்வப்போது குறித்துக்கொண்டே வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொருவர் வந்து, அவர் குறிப்பைப் பார்க்காமல், வீடு வீடாகத் தனியாக விசாரிப்பார். அப்புறம் இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாததை மறுபடி நேரில் போய்ச் சரிபார்ப்பார்கள். பிறந்து எட்டே நாளில் போன பிள்ளையையும் கணக்கில் சேர்க்க இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஏனோ அம்மாவின் அந்தப் பிள்ளை நினைவுக்கு வந்தது. அதற்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை.

எதனால் குறைந்தது என்று நர்சம்மாவிடம் கேட்டேன். ஒன்றைச் சொல்ல முடியாது அக்கா என்றார். கர்ப்பிணிக்கு இரணஜன்னி ஊசி போட ஆரம்பித்தது, 1985லிருந்து எல்லாக் குழந்தைக்கும் தடுப்பூசி என்று வந்தது, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், நல்ல தண்ணீர், பெண்கள் படித்தது, பதினாறு வயதில் கல்யாணம் செய்வது குறைந்தது, இரண்டு பிள்ளையோடு நிறுத்தியது. பிரசவம் ஆஸ்பத்திரிக்கு மாறியதும் பெரிய காரணம். 1992-93ல் இந்தியாவில் நூற்றுக்கு 26 பிரசவம்தான் ஆஸ்பத்திரியில் நடந்தது, 2019-21ல் நாடு முழுக்க 88ஐத் தாண்டியது, தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாமே. அம்மாவிடம் கேட்டதற்கு, பஸ் வந்துச்சு, அதான் என்றார். அதுவும் சரிதான், எங்கள் ஊருக்கு ரோடு வருவதற்கு முன்னால் வலி எடுத்தால் மாட்டு வண்டிதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இறந்த எல்லாக் குழந்தையும் நோயில் இறக்கவில்லை. சேலம், தர்மபுரி, மதுரை, உசிலம்பட்டிப் பக்கமெல்லாம் பெண் பிள்ளை என்பதற்காகவே கொன்ற காலம் இருந்தது. கொல்லாதே, வேண்டாம் என்றால் அரசாங்கத்திடம் கொடு என்று தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் வந்தது அதனால்தான். எனக்குப் பேத்தி பிறந்தாள் என்று சொன்னபோது வார்டில் ஒரு வயதான அம்மா உதட்டைப் பிதுக்கினார். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன். 2024 காணும் பொங்கல் அன்று, 33வது வாரம். சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவளுக்கு ஒன்பது மணிக்கு இடுப்பு வலி. சூட்டு வலி என்று நினைத்து வெந்நீர் கொடுத்தோம், பதினோரு மணிக்குத் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. நர்சம்மாவுக்குப் போன் செய்தேன், பண்டிகை நாள், இரண்டாவது மணியிலேயே எடுத்தார். 108க்கு அடியுங்கள், நான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார். வண்டி இருபத்தைந்து நிமிடத்தில் வந்தது. 2008ல் இந்தச் சேவை தமிழ்நாட்டுக்கு வருவதற்கு முன்னால் இந்த நேரத்தில் ஊரில் யாரிடம் கார் இருக்கிறது என்று கதவைத் தட்டிக்கொண்டு நின்றிருப்போம்.

சுகாதார நிலையத்தில் இரவுப் பணியில் ஒரு இளம் நர்ஸ் மட்டும். பார்த்துவிட்டு டாக்டரிடம் போனில் பேசினார், உடனே ஒரு ஊசி போட்டார். குறைமாதத்தில் பிறக்கப்போகும் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்வதற்கு அம்மாவுக்குப் போடும் ஊசி அது. அதைப் போட்ட பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், சீட்டில் நேரத்தையும் எழுதினார். குழந்தை மறுநாள் ராத்திரிதான் பிறந்தது, ஊசி வேலை செய்ய கிட்டத்தட்ட ஒரு நாள் கிடைத்தது. அந்த ஊசி விலை அதிகமானது இல்லை என்று பிறகு வார்டு டாக்டர் சொன்னார், சரியான நேரத்தில் போடுகிறார்களா என்பதுதான் விஷயமாம். அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும்.

இனி கெட்டது. பெரிய ஆஸ்பத்திரி எது என்று எழுதப்போவதில்லை, எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். வாசலில் இறங்கியதும் சக்கர நாற்காலி தள்ளுபவர் காசு கேட்டார், கொடுத்தோம். பிரசவ வார்டில் சீட்டைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார்கள். தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும் பெண்ணை மர பெஞ்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரவைத்தார்கள். முன்கூட்டியே போன் செய்து சொல்லியிருந்தும் யாருக்குச் சொன்னார்கள், யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை. நான் சத்தம் போட்ட பிறகுதான் படுக்கை கிடைத்தது. சத்தம் போடத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? 2020 கணக்குப்படி நாட்டில் ஆயிரம் குழந்தைக்கு 28 இறந்ததில் 20 முதல் மாதத்திலேயே போய்விட்டன, அதிலும் 15 முதல் வாரத்தில். இனிமேல் குறைய வேண்டியது பெரும்பாலும் இந்த முதல் வாரத்தில்தான், அது தடுப்பூசியாலோ சத்துமாவாலோ மட்டும் குறையாது. அந்த பெஞ்சில் போகும் ஒரு மணி நேரம் குறைந்தால்தான் குறையும்.

குழந்தை 1.7 கிலோ. சுகப்பிரசவம். பிறந்ததும் அழுதாள், ஆனால் மூச்சு இழுத்து இழுத்து விட்டாள், நேராகப் பச்சிளங்குழந்தைகள் சிறப்பு வார்டுக்குக் கொண்டுபோனார்கள். மூக்கில் சின்னக் குழாய் வைத்துக் காற்று கொடுத்தார்கள், இரண்டு நாள். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் மூன்று நாள். மேலே சூடு தரும் படுக்கை. உள்ளே செருப்பு கூடாது, கை முழங்கை வரை கழுவாமல் யாரையும் விடமாட்டார்கள், டாக்டரே ஆனாலும். ஒரு முறை நான் வளையலைக் கழற்றாமல் உள்ளே போகப் பார்த்தேன், தலைமை நர்ஸ் நிறுத்தித் திருப்பி அனுப்பினார். திட்டவில்லை, இந்தப் பிள்ளைகளுக்குக் கிருமி வந்தால் எங்களால் தாங்க முடியாதும்மா என்று மட்டும் சொன்னார்.

மகள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் பால் பீய்ச்சிக் கொடுத்தாள். முதலில் குழாய் வழியாக, அப்புறம் பாலாடையால் புகட்டினார்கள். நம் வீட்டுப் பாலாடைதான், குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். அந்தப் பெயரிலேயே இந்தியா முழுக்கக் குழந்தை மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்களாம். வார்டில் வைத்துச் சொன்னார்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது, என் அம்மாச்சி கையில் இருந்த சாமான் அது. ஆறாம் நாளிலிருந்து கங்காரு முறை, குழந்தையை வெறும் நெஞ்சில் கட்டிக்கொண்டு மணிக்கணக்காகச் சாய்ந்து உட்கார வேண்டும். 1978ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பத்தாமல் டாக்டர்கள் கண்டுபிடித்த முறையாம். மகளுக்கு முதுகு வலித்தபோது நானும் கட்டிக்கொண்டேன், பாட்டியும் செய்யலாம் என்றார்கள். 1.7 கிலோ என்றால் என்ன என்று நெஞ்சில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும், ஒரு தேங்காய் கனம்கூடத் தெரியவில்லை, ஆனால் மூச்சு மட்டும் தெரிந்தது.

செலவு? சிகிச்சைக்கு ஒரு ரூபாய் இல்லை. பக்கத்துப் படுக்கைக் குழந்தை தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்துவிட்டு, நகையை அடகு வைத்த பிறகு அங்கிருந்து இங்கே வந்தது. மருந்து எதையும் வெளியில் வாங்கி வரச் சொல்லவில்லை. 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கி மொத்தமாக மருந்து வாங்க ஆரம்பித்தது இந்த இடத்தில் நமக்கே தெரிகிறது.

தாய்மார்கள் தங்கும் அறையை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. இருபது பேருக்கு இரண்டு கழிப்பறை, ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை, ஒன்றில் தண்ணீர் வராது. தையல் போட்ட பெண்கள் தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள். குழந்தைக்குக் கண்ணாடி மாதிரி சுத்தம், அந்தக் குழந்தைக்குப் பால் கொடுப்பவளுக்கு இப்படி. துணைக்கு இருப்பவர் பக்கெட், மக், கொசுவத்தி, கெட்டியான போர்வை எல்லாம் கட்டாயம் கொண்டுபோங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று 1.9 கிலோ. இலவச வண்டியில் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாளே நர்சம்மா வந்துவிட்டார், தராசோடு. அன்றைக்கு நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது. அம்மா, கொள்ளுப்பேத்திக்குச் சேனை வைக்க வேண்டும் என்று சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்து வைத்திருந்தார், கழுதைப் பாலுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். நர்சம்மா அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "ஆயா, உங்களுக்கு எத்தனை பிள்ளை" என்று கேட்டார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், நாங்கள் யாரும் கேட்டிராத அந்த எட்டு நாள் கதையை அவரிடம் சொன்னார், முழுசாக. நர்சம்மா கேட்டுவிட்டு, தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஆறு மாதம் வேண்டாம், தொப்புளில் எதுவும் வைக்க வேண்டாம், குழந்தை பால் குடிக்காவிட்டால், உடம்பு சில்லென்று ஆனால், மூச்சு வேகமாக வாங்கினால் ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிடுங்கள் என்றார். அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டினார். எந்த நர்சிங் ஹோமும் இதைக் கொடுக்காது. இவர் மூன்று ஊர் பார்க்கிறார், பாதி நேரம் போனில் விவரம் ஏற்றவே போய்விடுகிறது என்று வருத்தப்படுகிறார். அவருக்கு இன்னொரு ஆளைத் துணைக்குப் போட்டால் தகும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டப் பணம், மொத்தம் 18,000 ரூபாய், அதில் 14,000 பணமாகவும் மீதிக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமும். பெட்டகம் நேரத்துக்கு வந்தது. பணம்தான் தாமதம், வங்கிக் கணக்கில் பெயர் எழுத்து மாறியிருக்கிறது என்று மூன்று முறை அலையவிட்டார்கள். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் இருக்கிறதா என்று முதல் மாதத்திலேயே பார்த்துவிடுங்கள்.

தனியாரா அரசா என்று இன்னும் யோசிப்பவர்களுக்கு ஒன்று. 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் நூற்றுக்கு 63க்கு மேல் சிசேரியன், அரசில் 36. அரசில் 36ம் அதிகம்தான், ஆனால் என் மகளுக்கு வயிற்றைக் கிழிக்காமல் பொறுமையாகப் பார்த்தார்கள். எளிதான பிரசவத்துக்கு எங்கே வேண்டுமானாலும் போங்கள், உங்கள் வசதி. சிக்கல் வரும் என்று தெரிந்தால் குழந்தை வார்டு உள்ளேயே இருக்கும் ஆஸ்பத்திரியா என்று கேட்டுவிட்டுப் போங்கள், பிறந்த பிறகு வண்டியில் ஏற்றி அனுப்பும் இடத்துக்குப் போகாதீர்கள்.

புதன்கிழமைத் தடுப்பூசி எல்லாம் தவறாமல் போட்டாயிற்று, ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியும் முடிந்தது, அன்றைக்கு எடை ஏழரைக் கிலோ. டிஸ்சார்ஜ் ஆன வாரமே தாய்மார்கள் அறையைப் பற்றி ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், வார்டில் இருந்த பதினொரு பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு பேர் கைநாட்டு. கண் பரிசோதனைக்கு மறுபடி போனபோது எட்டிப் பார்த்தேன். குழாயில் தண்ணீர் வருகிறது. இருபது பேருக்குக் கட்டில் போட்டிருக்கிறார்கள். தாழ்ப்பாள் இன்னும் போடவில்லை, அடுத்த முறை போகும்போது மறுபடி எழுதிக் கொடுப்பேன்.